இளையோர் நாவலில் கண்டிப்பான கிறிஸ்தவ வீடு

வேதாகமத்தின் ஒவ்வொரு எழுத்தும் பிழையற்றது என்று நம்பி, உடை, படிப்பு, நட்பு, திருமணம் அனைத்தையும் அந்த நம்பிக்கையின்படி வகுத்துக்கொண்ட புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் உண்டு. அங்கே வளரும் பிள்ளைகளைப் பற்றிய நாவல்கள் ஆங்கில இளையோர் இலக்கியத்தில் தனியொரு கிளையாக வளர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில்தான் அதிகம், இங்கிலாந்து, கனடா, நியூசிலாந்திலும் உண்டு. இவற்றை மத எதிர்ப்புக் கதைகள் என்றும் வீட்டை விட்டுத் தப்பியோடும் கதைகள் என்றும் சொல்லிவிடுவது வழக்கம். இவற்றின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. இந்த நாவல்களின் கட்டுமானமே சபையிலிருந்து வந்தது. பாவ உணர்வு, கலக்கம், ஒரு நாளில் நேரும் திருப்பம், அதன்பின் புது வாழ்வு என்று சபை நடுவே எழுந்து நின்று சொல்லும் சாட்சிக்கு என்ன வடிவமோ அதுவே இவற்றுக்கும் வடிவம். வேதத்தை நீயே வாசி, நீயே மனத்தைச் சோதித்துப் பார் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த வீடு, பிள்ளை நிஜமாகவே அப்படிச் செய்யத் தொடங்கியதும் திகைத்துப் போவதுதான் திரும்பத் திரும்ப வரும் கதை.

சாட்சி மரபு பழையது. ஜான் பனியன் தன் மனமாற்றத்தை 1666இல் நூலாக எழுதினார். 1678இல் வந்த அவருடைய 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' அதையே பயணக் கதையாக்கியது. தமிழ் வாசகருக்கு இது எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) வழியாகத் தெரிந்த கதை. அதில் பயணி முதலில் செய்கிற காரியம், மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஊரை விட்டு ஓடுவது. ஆன்மாவுக்காக வீட்டைத் துறக்கலாம் என்ற துணிவை இக்கால நாவலாசிரியர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. குழந்தை இலக்கியத்தில் அது அமெரிக்கரான மார்த்தா ஃபின்லியின் 'எல்சி டின்ஸ்மோர்' (1867) நாவலில் நுழைந்தது. அதில் கண்டிப்பான பக்தை மகள்தான்; தகப்பன் உலகப்பற்றுள்ளவர். ஓய்வுநாளில் விருந்தினர் முன் ஓர் உலகப் பாட்டைப் பியானோவில் வாசிக்கச் சொல்கிறார். எட்டு வயதுப் பெண் மறுக்கிறாள். வாசிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று அவர் கட்டளையிட, மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்து மயங்கி விழுகிறாள். இன்று படித்தால் பொறுமையைச் சோதிக்கும் நூல்தான்; ஆனாலும் 1905 வரை 28 பாகங்கள் வந்தன. பெற்றோரின் சொல்லுக்கும் வேதத்தின் சொல்லுக்கும் இடையே மோதல் வந்தால் பிள்ளை தன் மனச்சாட்சியின் பக்கம் நிற்கலாம் என்பதை இந்தப் பக்திக் கதை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்னால் வந்த நாவல்கள் பாத்திரங்களை இடம் மாற்றிப் போட்டன, அவ்வளவுதான்.

அந்த இடமாற்றத்தை முதலில் முழுமையாகச் செய்தவர் எட்மண்ட் காஸ். 'ஃபாதர் அண்ட் சன்' 1907இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. அது தன்வரலாறுதான், நாவலன்று. ஆயினும் இவ்வகையின் இலக்கணம் அங்கேதான் உருவானது. தகப்பன் ஃபிலிப் காஸ் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த பெயர்பெற்ற இயற்கையியலாளர், பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்தவர். தாய் எமிலி, கதை கட்டுவதே பாவம் என்று நம்பியவர். அதனால் அந்த வீட்டில் ஒரு கதைப் புத்தகமும் கிடையாது. விக்கிரகத்தை வணங்கினால் கர்த்தர் கோபப்படுவார் என்று கேட்ட சிறுவன், அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்து, அதன் முன் முழங்காலிட்டு ஜெபிக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. இது விளையாட்டுத்தனமான கலகம்போலத் தோன்றலாம். ஆனால் அவன் செய்தது, எதையும் கவனித்துக் குறித்துக்கொள்ளும் தகப்பனின் ஆய்வுமுறையையும், வசனத்தை எழுத்துப்படி எடுத்துக்கொள்ளும் தாயின் வாசிப்பு முறையையும் ஒன்றுசேர்த்த ஒரு பரிசோதனை. பத்து வயதில் பெரியவர்களுக்கு உரிய ஞானஸ்நானம் பெற்ற இந்தப் பிள்ளை பிற்காலத்தில் இலக்கிய விமர்சகரானார். வீடு கொடுத்த கருவிகளை வைத்தே வீட்டை எடைபோடுவது என்ற வழி இங்கே தொடங்குகிறது.

காஸின் நூல் வந்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் இந்தக் கண்டிப்புக்கு ஓர் இயக்க வடிவம் கிடைத்தது. கலிஃபோர்னிய எண்ணெய் வணிகர் லைமன் ஸ்டூவர்ட்டின் பணத்தில் 1910 முதல் 1915 வரை 'தி ஃபண்டமெண்டல்ஸ்' என்ற 12 தொகுதிகள் அச்சிட்டு இலவசமாக அனுப்பப்பட்டன. அந்தப் பெயரிலிருந்தே 1920இல் அடிப்படைவாதிகள் என்ற அடையாளம் பிறந்தது. பரிணாமக் கொள்கையைக் கற்பித்த பள்ளி ஆசிரியர்மீது 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு, பள்ளிப் பாடத்தையும் பிள்ளைகளையும் அந்தப் போராட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது.

இந்தக் கிளையின் இரு பெரிய நாவல்களும் இளையோருக்கென்று வெளியிடப்பட்டவை அல்ல. ஜேம்ஸ் பால்ட்வினின் 'கோ டெல் இட் ஆன் தி மவுண்டன்' (1953) ஹார்லெம் பகுதியின் கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில், ஜான் கிரைம்ஸ் என்ற சிறுவனின் பதினான்காம் பிறந்தநாளன்று நடக்கிறது. இரவுக் கூட்டத்தில் தரையில் விழுந்து புரண்டு ஜான் இரட்சிக்கப்படுகிறான். பால்ட்வினே பதினான்கு வயதில் பிரசங்கியாகிப் பதினேழில் விலகியவர். அவருடைய வாக்கிய அடுக்குகள் பிரசங்க மேடையில் பிறந்தவை என்பது படிப்பவர் எவருக்கும் தெரியும். ஜேனட் விண்டர்சனின் 'ஆரஞ்சஸ் ஆர் நாட் தி ஒன்லி ஃப்ரூட்' (1985) வட இங்கிலாந்தின் தொழில் நகரமொன்றில், பெந்தெகொஸ்தே பக்தை ஒருத்தி தத்தெடுத்து மிஷனரியாக்க நினைக்கும் பெண்ணின் கதை. எட்டு அத்தியாயங்களுக்கும் ஆதியாகமம் முதல் ரூத் வரையிலான புத்தகங்களின் பெயர்களே தலைப்பு. அந்தத் தாய் மகளுக்கு 'ஜேன் அயர்' நாவலை வாசித்துக் காட்டுகிறாள். முடிவை மாற்றி, ஜேன் மிஷனரி செயின்ட் ஜானையே மணப்பதாகச் சொல்லிவிடுகிறாள். பின்னொரு நாள் நூலகத்தில் அந்த நாவலைத் தானே எடுத்துப் படிக்கும்போது மகளுக்கு உண்மை தெரிகிறது. இன்னொரு பெண்ணைக் காதலித்ததற்காகச் சபையார் அவள்மீது பேயோட்டும் காட்சியைவிட இந்தச் சிறு காட்சிதான் நாவலின் மையம் என்பேன். மூல நூலைத் தானே திறந்து பார்த்துச் சரிபார்க்கும் உரிமையைக் கேட்டுத்தான் புராட்டஸ்டண்ட் சமயமே பிறந்தது. மகள் அந்த உரிமையைத் தாயின்மீதே பயன்படுத்துகிறாள்.

எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' (1967) வந்தபின் இளையோர் நாவல் தனிச் சந்தையானது. 1979இல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லின் மாரல் மெஜாரிட்டி அமைப்பு அடிப்படைவாதத்தைத் தேர்தல் அரசியலுக்குள் கொண்டுவந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் இளையோர் எழுத்தாளர்கள் போதகர் வீட்டுப் பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள். எம். இ. கெர் 'வாட் ஐ ரியலி திங்க் ஆஃப் யூ' (1982) நாவலில் ஏழைப் பெந்தெகொஸ்தே போதகரின் மகளையும் தொலைக்காட்சிப் பிரசங்கியின் மகனையும் எதிரெதிரே நிறுத்தினார். சபைக்குள் இருக்கும் வர்க்க வேறுபாட்டை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய இளையோர் நூல் வேறில்லை. சிந்தியா ரைலண்டின் 'எ ஃபைன் ஒயிட் டஸ்ட்' (1986) வழக்கமான ஏற்பாட்டைத் தலைகீழாக்கித் தொடங்குகிறது. பக்தியுள்ளவன் சிறுவன் பீட். பெற்றோருக்குச் சபையில் நாட்டமில்லை. எழுப்புதல் கூட்டம் நடத்த வந்த பிரசங்கியோடு ஊரை விட்டுப் போகத் தயாராகி நிற்கிறான். பிரசங்கி வரவில்லை. பீட் பிரசங்கியை இழக்கிறான், தேவனை இழக்கவில்லை. கேத்ரின் லாஸ்கியின் 'மெமாய்ர்ஸ் ஆஃப் எ புக்பேட்' (1994) பள்ளிப் புத்தகங்களைத் தடைசெய்யப் போராடும் பெற்றோரின் மகள் ஒளித்து வைத்துப் படிப்பதைச் சொல்கிறது. நியூசிலாந்தின் ஃபிளர் பீல் எழுதிய 'ஐ ஆம் நாட் எஸ்தர்' (1998) கதையில், தாய் திடீரென்று விட்டுப்போன கர்பி மாமன் வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் ஆக்கப்படுகிறாள். அந்த வீட்டில் சபையை விட்டு விலக்கப்பட்ட மகளைச் செத்துப்போனவள் என்றே சொல்கிறார்கள்.

இதே காலத்தில் வீடுகளும் இறுகின. 1993க்குள் வீட்டுக்கல்வி அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி செல்லுபடியானது. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்காத 'குவிவர்ஃபுல்' இயக்கத்துக்கு மேரி பிரைடின் 'தி வே ஹோம்' (1985) வழிகாட்டியது. 1997இல் ஜோஷுவா ஹாரிஸ் காதலித்துப் பழகுவதையே கைவிடச் சொல்லி எழுதிய நூல் சபை இளைஞர்களிடம் பெரிதாக ஓடியது. 2018இல் அவரே அந்நூலின் பதிப்பை நிறுத்தினார். பள்ளி என்ற வெளி உலகமே இல்லாத பிள்ளையின் கதையை எழுத வேண்டிய நிலை அப்போதுதான் வந்தது. ஜெனிஃபர் மேத்யூவின் 'டிவோட்டட்' (2015) அதைச் செய்தது. நிறையப் பிள்ளைகள் உள்ள டெக்சஸ் குடும்பத்தில், தம்பி தங்கைகளை வளர்ப்பதையே வேலையாகக் கொண்ட பதினேழு வயது ரேச்சல், ஏற்கெனவே சபையை விட்டுப் போன ஒருத்தி இணையத்தில் எழுதியவற்றைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறாள். அவள் படிப்பதும் ஒரு சாட்சிதான். ராபின் பிராண்டின் 2007ஆம் ஆண்டு நாவலில் சபையால் ஒதுக்கப்பட்ட மீனா, பரிணாமக் கொள்கைக்கு ஆதாரமாக வேத வசனங்களையே எடுத்து எழுதுகிறாள். கனடாவின் மிரியம் டோஸ் எழுதிய 'எ காம்ப்ளிகேட்டட் கைண்ட்னெஸ்' (2004) மென்னோனைட் ஊரொன்றின் பதினாறு வயது நோமியின் குரலில் வருகிறது. அந்த நாவல் முழுவதும் தன் ஆங்கில ஆசிரியருக்கு அவள் எழுதிக்கொடுக்கும் கட்டுரை என்பது போகப்போகத்தான் தெரிகிறது.

இந்த வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை எமிலி டேன்ஃபோர்த்தின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் கேமரன் போஸ்ட்' (2012). இங்கே பிரச்சினை உடல். புத்தகத்துக்கும் வாசிப்புக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். மொண்டானாவில் பெற்றோரை இழந்த கேமரன் பெண்களை விரும்புகிறாள் என்று தெரிந்ததும், அத்தை அவளை 'காட்ஸ் பிராமிஸ்' என்ற திருத்தப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அங்கே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பனிப்பாறைப் படம் அச்சடித்த தாளைக் கொடுக்கிறார்கள். நீருக்கு மேலே தெரியும் நுனியில் இருப்பது 'பாவம்'. அதற்குக் காரணமானவற்றை, தாயின் குணம், தகப்பனின் குணம், விளையாட்டில் ஆர்வம் என்று நீருக்கடியில் பிள்ளையே எழுதி நிரப்ப வேண்டும். இதுவும் சாட்சிதான், முடிவை முன்கூட்டியே எழுதிவைத்து வாங்கும் சாட்சி. கேமரன் அந்தத் தாளில் எழுத முடியாததையெல்லாம் ஐந்நூறு பக்கத்தை நெருங்கும் நாவலாக எழுதிவிடுகிறாள். உடலைப் பற்றிய சண்டையும், அந்த உடலின் கதையைச் சொல்ல யாருக்கு உரிமை என்ற சண்டையாகவே இங்கே நடக்கிறது. டெலவர் மாநிலத்தின் ஒரு பள்ளி வாரியம் 2014இல் இந்நூலை வாசிப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இன்னும் இரண்டு மறுப்புகள் உண்டு. எழுதுபவர்களில் பலர் அந்த வீடுகளில் வளராதவர்கள், வெளியிலிருந்து பார்த்துப் போதகரை வில்லனாக்குகிறார்கள் என்பது ஒன்று. இது சில நூல்களுக்குப் பொருந்தும். ஸ்டெஃபனி ஓக்ஸின் 'தி சேக்ரட் லைஸ் ஆஃப் மின்னோ பிளை' (2015) நாவலில் தீர்க்கதரிசியை மணக்க மறுத்த பெண்ணின் கைகளை வெட்டிவிடுகிறார்கள்; அந்தச் சபை கிறிஸ்தவத்தைவிடத் திகில் கதைக்கே அதிகம் கடன்பட்டது. ஆனாலும் அந்தப் பெண் சிறார் சிறையில் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கும் பகுதி மட்டும் உயிரோடு இருக்கிறது. மார்மன் மரபிலிருந்து பிரிந்த பலதார மணக் குழுக்களைப் பற்றிய கதைகளையும், கேரல் லிஞ்ச் வில்லியம்ஸின் 'தி சோசன் ஒன்' (2009) உட்பட, இதே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அவற்றின் வரலாறு வேறு. ஆனாலும் அந்நூலின் பதின்மூன்று வயது கைராவுக்கு வெளி உலகம் ஒரு நடமாடும் நூலக வண்டியாகத்தான் வந்து சேர்கிறது.

விசுவாசிகளே தங்கள் பிள்ளைகளுக்கு எழுதிய ஏராளமான நாவல்களை விட்டுவிட்டு இதையே வரலாறாகச் சொல்வது சரியா என்பது மற்றொன்று. 1998 முதல் வந்த 'லெஃப்ட் பிஹைண்ட்: தி கிட்ஸ்' வரிசையில் மட்டும் 40 நூல்கள், கர்த்தரின் வருகையில் எடுத்துக்கொள்ளப்படாமல் விடுபட்ட இளைஞர்களின் கதை. விற்பனையில் மேலே சொன்ன நாவல்களில் பலவும் அதன் அருகே வர முடியாது. ஆனால் அவ்வரிசையில் கேள்விக்குப் பதில் முதல் நூலிலேயே கிடைத்துவிடுகிறது, மிச்சம் சாகசம்தான். ஐயத்தோடு வாழ்ந்து பார்க்கும் காலம் அந்தப் பிள்ளைகளுக்குத் தரப்படவில்லை. பனியனின் பயணிக்குக்கூட அந்தக் காலம் தாராளமாகக் கிடைத்தது. அவருடைய உண்மையான வாரிசுகள் விண்டர்சனும் டோஸும்தான். வேதத்தின் நடை பிள்ளையின் பேச்சிலேயே ஊறியிருக்கும் நாவல்கள் நிலைக்கும். அதைப் போதகர் வாயில் மட்டும் வைத்தவை ஒரு பதிப்போடு போகும். புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் ரைலண்டின் சிறு நூலிலிருந்து தொடங்கலாம். ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.