செவிக்கும் எட்டும் எழுத்து

எழுதுவது விளங்கவேண்டும் என்பது தமிழுக்குப் புதிய கொள்கையன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலுக்குரிய பத்து அழகுகளுள் விளங்கவைத்தலையும் ஒன்றாக எண்ணினார். ஆனால் யாருக்கு விளங்கவேண்டும் என்னும் வினாவுக்கு விடை காலந்தோறும் விரிந்து வந்துள்ளது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அது விரிந்தவாற்றை ஈண்டுக் காண்போம்.

1924-ஆம் ஆண்டில் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ இதழைத் தொடங்கினார்; 2019 வரை அது வெளிவந்தது. அந்நாளில் தோட்ட மக்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. லயன் வாசலில் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். அவர்களுக்கு எட்டவேண்டுமாயின், நாளிதழ் நடை கண்ணுக்கு மட்டுமன்றிச் செவிக்கும் ஏற்றதாதல் வேண்டும். நீண்டு வளைந்த வாக்கியம் படிப்பவர் மூச்சையும் கேட்பவர் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கும்.

பின்னர்க் கணினி வந்தது. 1980களின் நடுவில் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை ஆக்கித் தமிழைக் கணினித் திரையில் ஏற்றினார். ஆயினும், 1990களில் தோன்றிய தமிழ் இணையப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை கொண்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கம் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். இக்குறை நீங்க அறிஞர் பலர் உழைத்தனர். 1999-இல் சென்னையிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிக்கோடு, அதன் பின்னரே மெல்ல மெல்லப் பொதுவழக்காயிற்று.

யூனிக்கோட்டின் பயன் கண்ணுடையார்க்கு மட்டும் உரியதன்று. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இயங்கி வருவதை யாவரும் அறிவர். அது 1951-இல் நிறுவப்பெற்றது. இன்று பார்வையற்றோர் கணினியையும் கைப்பேசியையும் செவியால் பயில்கின்றனர். திரையிலுள்ள எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் பல, என்.வி.டி.ஏ. என்பது விலையின்றிக் கிடைப்பது. யூனிக்கோட்டில் எழுதிய தமிழை இவை படிக்கும். ஆனால் அறிக்கையைப் படமாக எடுத்து, விளக்கக் குறிப்பேதும் இன்றி இணையத்தில் ஏற்றினால், அங்கே ஒரு படம் உளது என்பதற்குமேல் அவர்க்கு ஒன்றும் தெரியாது. நம் பள்ளிகள் பலவற்றின் சுற்றறிக்கைகள் இவ்வாறே வெளியாகின்றன.

எழுத்தாக இட்டால் மட்டும் போதுமா? போதாது. “மேற்படி பொருள் குறித்துப் பெற்றோர்தம் மேலான வருகை பெரிதும் விழையப்படுகின்றது” என்று எழுதுவோர் உளர். எந்நாள், எத்தனை மணி என்பது ஐந்தாம் வரியில் ஒளிந்திருக்கும். “வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளிக்கு வருக” என்பதை முதல் வரியாக்கினால் எவர்க்கும் விளங்கும். தலைப்புக்களைத் தலைப்பு என்றே கணினிக்கு உணர்த்தி அமைத்தல் வேண்டும். செவியால் படிப்போர் தலைப்புவிட்டுத் தலைப்புத் தாவியே வேண்டுவதைக் கண்டடைவர். இணைப்பு தரும் இடத்தில் “இங்கே அழுத்துக” என்னாது, “பதிவுப் படிவம்” என்று பொருளைச் சொல்லுதல் நன்று.

இவற்றுக்குப் பொருட்செலவில்லை, சிறிது கருத்துச் செலவே வேண்டும். சுற்றறிக்கையை வெளியிடுமுன் ஆசிரியர் ஒருவர் கண்மூடி அமர, மற்றொருவர் அதனை ஒருமுறை படித்துக் காட்டுக. கேட்டவர்க்கு நாளும் நேரமும் செயலும் மனத்தில் நின்றால் வெளியிடலாம். நில்லாவிடின் திருத்தி எழுதுக. பார்வையற்ற தந்தை ஒருவர், தம் பிள்ளையை என்று பள்ளிக்கு அழைத்துவர வேண்டும் என்பதைப் பிறர் உதவியின்றித் தாமே அறிந்துகொள்வது அத்திருத்தத்தைப் பொறுத்தே உளது.