யாழ்ப்பாணத்துக் கணக்குக் கல்வியும் வாசிப்பும்

ஆரம்ப வகுப்பு மாணவர் பலர் கூட்டலும் கழித்தலும் பிழையின்றிச் செய்வர். அவற்றையே வசனக் கணக்காகக் கொடுத்தால் தடுமாறுவர். இதனைக் கணிதக் குறையென்றே நாம் கொள்கின்றோம். யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து, இது வாசிப்பின் குறையாகவும் இருத்தல் கூடும் என்பது புலனாகும்.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நிகண்டும் ஒரே ஆசிரியரிடம் கற்கப்பட்டன. தமிழர் கணக்கு நூல்களும் செய்யுளாகவே அமைந்தன. காரி நாயனாரின் கணக்கதிகாரம் இதற்குச் சான்றாகும். பலாப்பழத்தின் காம்பருகே உள்ள முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை வரும் என்கிறது அந்நூல். முட்கள் 50 எனின் சுளைகள் 60. ஆயின் வகுத்தலைக் குறிக்க அச்செய்யுள் ஆளும் சொல் 'ஈதல்' என்பதாம். கொடுத்தல் என்ற பொருளை மட்டும் அறிந்தவன் அவ்விடத்தே நின்றுவிடுவான். சந்தி பிரித்துப் பொருள் கண்ட பின்னரே கணக்குத் தொடங்கும். எனினும் அம்முறையைக் குறையற்றதெனப் போற்றுதல் பொருந்தாது. மனனம் மிகுந்தவிடத்துப் பொருளறிதல் பின்தங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. அமெரிக்க மிஷனார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். முன்னவர் தமிழில் வீசகணிதம் எழுதினார். பின்னவர் கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்தார். எண்ணும் தமிழும் ஒரே கல்விக்கூடத்தில் வளர்ந்தமைக்கு இவ்விருவரும் சான்றாவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், சிறார்க்கென வசனநடையிற் பாலபாடங்களை இயற்றினார். காலப்போக்கிற் கணக்கும் வசனமாயிற்று; ஆயின் வாசிப்பும் கணிதமும் வெவ்வேறு பாடங்களாயின.

இப்பிரிவின் விளைவை ஓர் எளிய கணக்குக் காட்டும். கந்தனிடம் 12 மாம்பழங்கள் உண்டு. அவை வேலனிடம் உள்ளவற்றிலும் 5 கூட. வேலனிடம் எத்தனை? 'கூட' என்ற சொல்லைக் கண்டதும் மாணவன் கூட்டி, 17 என்பான். விடை 7 ஆகும். பன்னிரண்டில் ஐந்தைக் கழிக்க அவன் அறியாதவனல்லன். யாரிடம் கூட என்பதை வாசித்தறியாதவன். மேனாட்டுக் கல்வி உளவியலாரும் இத்தகைய பிழையை ஆராய்ந்துள்ளனர்.

இத்தகைய மாணவனுக்கு மேலும் வாய்பாடு ஒப்புவிக்கச் செய்வதாற் பயனில்லை. கணக்கை முதலில் அவன் தன் சொற்களிற் கூறட்டும். எவரிடம் கூட, எவரிடம் குறைவு என்று சொல்லட்டும். பின்னர் எண்களைத் தொடட்டும். 'கணக்கு வராது' என ஒதுக்கப்படும் சிறுவருட் சிலருக்கேனும் வராதது கணக்கன்று, வாசிப்பே. அதனை அறியாது தீர்ப்பளித்தல் அவர்தம் எதிர்காலத்துக்கு இழைக்கும் அநீதியாகும்.