ஒரு தோலின் கணக்கு: ஆம்பூரிலிருந்து தொடங்கும் பொருளியல் பாடம்

ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி நிறைவேறியதும் மதரஸாவிலிருந்து தோல் சேகரிக்க வருவார்கள். ஒரு காலத்தில் அந்தத் தோல்களை விற்ற தொகை, பல மதரஸாக்களின் ஆண்டுச் செலவில் கணிசமான பங்கைத் தாங்கியது. அண்மை ஆண்டுகளில் ஆட்டுத் தோலை அற்ப விலைக்கும் வாங்க ஆளில்லாத நிலையைப் பல ஊர்களில் கண்டோம். "ஆட்டின் விலை ஏறிக்கொண்டே போகிறது, தோலின் விலை மட்டும் ஏன் விழுகிறது?" என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

அந்தக் கேள்வியே பொருளியலின் வாசல். பெருநாளன்று ஒரே நாளில் எண்ணற்ற தோல்கள் சந்தைக்கு வருகின்றன. உப்பிடாத தோல் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். ஆகவே விற்பவரால் காத்திருக்க இயலாது, வாங்குபவரால் இயலும். அதே வேளையில் செயற்கைப் பொருள்களாலான காலணிகள் பெருகி, தோலுக்கான தேவை சுருங்குகிறது. தேவை, அளிப்பு, பேரம் பேசும் வலிமை ஆகிய மூன்றையும் பிள்ளை ஒரே தோலில் கற்றுக்கொள்கிறது. நாட்டின் பொருளாதாரத்தையும் அதே தோலைக் கொண்டு விளக்கலாம். அதற்கு வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நீளும் பாலாற்றுப் பகுதியின் வரலாறு போதும்.

இத்தொழில் இங்கு வேரூன்றியது தற்செயலன்று. தோலைக் கழுவப் பாலாற்றின் ஊற்றுநீர் இருந்தது. பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கிடைத்தன. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை, பின்னர் இவ்வூர்கள் வழியாகவே மேற்கே நீண்டது; சரக்கு சென்னைத் துறைமுகத்தை எளிதில் அடைந்தது. தோலைத் தொடுவதை இழிவெனக் கருதிய சாதிகள் விலகி நிற்க, வணிகத்தை முஸ்லிம்கள் ஏற்றனர். சுண்ணாம்புக் குழியின் கடும் உழைப்பைப் பெரும்பாலும் தலித் மக்கள் சுமந்தனர். நிலம், உழைப்பு, மூலதனம் என்று பாடநூல் வகுப்பவை இங்கே ஆறாகவும் மனிதராகவும் நம்பிக்கையின் பேரில் கைமாறிய கடனாகவும் நின்றன.

இங்கு பதனிட்ட தோல் இலண்டன் சந்தையில் ஏலம் போயிற்று. முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் காலணிகளுக்கு அது இன்றியமையாததாகிவிட, பிரிட்டிஷ் அரசே கொள்முதலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் தேவை சரிந்தது. ஆலைகள் பல தடுமாறின. ஐரோப்பாவில் துப்பாக்கி ஓய்ந்தால் ஆம்பூரில் அடுப்பு அணையலாம் என்பதை நம் முன்னோர் நூல் படிக்காமலேயே அறிந்தனர்.

அரசின் வரி எவ்வாறு தொழிலின் திசையை மாற்றும் என்பதற்கும் சான்று இங்கேயே உண்டு. 1919-இல் பதனிடாத தோலின் ஏற்றுமதி மீது 15 விழுக்காடு தீர்வை விதிக்கப்பட்டது. 1923-இல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1972-இல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை அப்படியே அனுப்பாமல் முழுமையாக்கி ஏற்றுமதி செய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது; அடுத்த ஆண்டே பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு கட்டியது. தோலாக அனுப்பினால் ஒரு விலை, காலணியாக அனுப்பினால் பன்மடங்கு விலை. இடைப்பட்ட தொகை இங்குள்ளோரின் கூலியாகவும் இலாபமாகவும் தங்கும். மதிப்புக் கூட்டல் என்பது இதுவே. இன்று ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளுக்குக் காலைதோறும் செல்லும் ஆயிரக்கணக்கான பெண்களின் ஊதியம் இக்கொள்கையின் நீட்சி.

ஈட்டிய செல்வம் வீட்டுக்குள் மட்டும் முடங்கிவிடவில்லை. 1901-இல் வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் கொடைகள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. 1965-இல் தொடங்கிய கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம்மில் பலர் அக்கல்வியின் பயனாளிகள்.

கணக்கேட்டின் மறுபக்கத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டியாக வேண்டும். பட்டையும் கடுக்காயும் இருந்த இடத்தைக் குரோமிய உப்பு பிடித்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது, உற்பத்தி பெருகியது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளியான தீர்ப்பு, இத்தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதை ஒப்புக்கொண்டது. அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்கில்லை என்றும் உரைத்தது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியளவிலோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியிழந்தது என்ற ஆய்வையும் அது எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற இவ்வழக்கு பெருந்துணையாயிற்று. எனினும் 2025 ஜனவரியிலும், நிலுவையிலுள்ள இழப்பீட்டை உழவர்களுக்கு வழங்கி, அதை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்குமாறு அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இதைப் பொருளியல் 'புறவிளைவு' என்கிறது. ஆலை தன் கணக்கில் எழுதாத செலவை, உவர்ந்த கிணற்றின் உரிமையாளர் செலுத்துகிறார். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏற்றுமதியான காலணி சேரும். சுத்திகரிப்பு நிலையத்தின் செலவும் சேரும். கெட்டுப்போன நிலத்தின் இழப்பு மட்டும் கழிக்கப்படாது. நாட்டின் வளர்ச்சி எண்ணைச் செய்தியில் காணும் மாணவர், அதில் எது விடுபட்டது என்று கேட்கப் பழக வேண்டும்.

நமக்கு இது பாடத்திட்டத்துடன் முடியும் செய்தியன்று. அளவையில் குறைவு செய்வதைக் கடுமையாகக் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. தராசைச் சரியாகப் பிடித்துவிட்டு, அண்டை வீட்டாரின் கிணற்றைக் கெடுத்தால் அந்த வணிகம் நேர்மையாகுமா? தொழிலைப் பழித்து ஒதுங்குவதும் விடையன்று. பல்லாயிரம் குடும்பங்களின் சோறு அதில் இருக்கிறது. முழுச் செலவையும் ஏற்று, கழிவைத் தூய்மையாக்கி, தொழிலாளியின் உடல்நலத்தையும் விலைக்குள் அடக்கி நடத்துவதே நம்மீதுள்ள கடமை.

வரும் விடுமுறையில் பிள்ளைகளைப் பாலாற்றங்கரைக்கு அழைத்துச் செல்வோம். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஒரு பக்கத்தில் இத்தொழில் நமக்குத் தந்தவற்றை எழுதச் சொல்வோம்: கூலி, கல்லூரி, கொடை. எதிர்ப்பக்கத்தில் நாம் இன்னும் தர வேண்டியவற்றை எழுதச் சொல்வோம். இரண்டாம் பக்கத்தை அவர்கள் நம்மிடம் கேட்டுத்தான் நிரப்புவார்கள். அப்போது உண்மையைச் சொல்ல நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.