மேடை விளக்குகளில் கட்டுப்பாட்டுச் சமிக்ஞை முரண்

மேடை ஒளியமைப்பில் ஒரு கருவி ஒன்றுக்கொன்று ஒவ்வாத கட்டளைகளை ஒரே வேளையில் பெறுவதாலோ, சிதைந்த கட்டளையைப் பெறுவதாலோ, வேறொரு கருவிக்குரிய கட்டளையைத் தனதாக ஏற்பதாலோ வடிவமைப்பாளர் கருதாத ஒளியையும் அசைவையும் காட்டும் நிலை கட்டுப்பாட்டுச் சமிக்ஞை முரண் எனப்படும். இன்றைய அரங்குகளில் பெருவழக்காக உள்ள டிஎம்எக்ஸ் 512 நெறிமுறையின் இயல்பை அறிந்தால்தான் இம்முரண்களின் காரணமும் தீர்வும் விளங்கும்.

நெறிமுறையின் இயல்பு

விளக்கின் ஒளியளவைக் கூட்டிக்குறைக்கும் ஒவ்வொரு டிம்மருக்கும் தனிக்கம்பி வழியே 0 முதல் 10 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை அனுப்பிய முறையும், நிறுவனந்தோறும் வேறுபட்ட இலக்க முறைகளும் நிலவிய காலத்தில், எந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மேசையும் எந்த நிறுவனத்தின் டிம்மரையும் இயக்கவேண்டும் என்ற நோக்குடன் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பக் கழகம் 1986-இல் டிஎம்எக்ஸ் 512-ஐ உருவாக்கியது. 1990-இல் திருத்தப்பட்ட இது, 2004-இல் அமெரிக்கத் தேசியத் தரநிலையாக ஏற்கப்பட்டது. ஆர்எஸ்-485 மின்முறையில் நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஓடும் இச்சமிக்ஞையில், ‘யூனிவர்ஸ்’ எனப்படும் ஒரு தொகுதிக்கு 512 சேனல்கள் உள்ளன. ஒவ்வொரு சேனலும் 0 முதல் 255 வரையிலான ஒரு மதிப்பைச் சுமக்கிறது. முழுத் தொகுதியும் நொடிக்கு ஏறத்தாழ 44 முறை திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. சமிக்ஞை மேசையிலிருந்து கருவிகளை நோக்கி ஒரே திசையில் செல்வதாலும், பிழையைக் கண்டறியும் ஏற்பாடோ பெற்றுக்கொண்டதற்கான மறுமொழியோ இல்லாததாலும், முரண் நேர்ந்ததை இந்நெறிமுறை தானாக உணர்வதில்லை. ஆகவே முரணைத் தவிர்க்கும் ஒழுங்கை நிகழ்ச்சிக்கு முன்பே மனிதரே வகுத்தாக வேண்டும்.

முகவரி முரண்

ஒவ்வொரு கருவியும் தனக்கு அமைக்கப்பட்ட தொடக்க முகவரியிலிருந்து தனக்குத் தேவையான எண்ணிக்கையில் சேனல்களை எடுத்துக்கொள்கிறது. 16 சேனல் கொண்ட, தலைப்பகுதி அசையும் ‘மூவிங் ஹெட்’ விளக்கு 1-ஆம் முகவரியில் தொடங்கினால் அது 16-ஆம் சேனல் வரை கொள்வதால், அடுத்த கருவி 17-இல் தொடங்கவேண்டும். அதை 15-இல் தொடங்கினால் முதல் விளக்கின் கடைசி இரு சேனல்களும் இரண்டாவதன் முதல் இரு சேனல்களும் ஒன்றாகிவிட, ஒன்றின் வேகத்தை மாற்றும்போது மற்றது திரும்பும் நிலை உண்டாகும். ஒரே கருவிக்குப் பல இயக்க முறைகள் இருப்பதும் இம்முரணுக்கு வழிவகுக்கிறது: மேசையில் 16 சேனல் முறை பதிவாகியிருக்க, விளக்கின் பட்டியலில் 20 சேனல் முறை தேர்ந்திருந்தால், முகவரி சரியாக இருந்தும் கட்டளைகள் இடம்மாறும். இரு விளக்குகளுக்கு ஒரே முகவரி தருவது தன்னளவில் பிழையன்று. ஒரே வகைக் கருவிகள் ஒன்றுபோல இயங்கவேண்டிய இடத்தில் அது திட்டமிட்டே செய்யப்படுகிறது.

மின்முரண்

டிஎம்எக்ஸ் கம்பித்தடம் மேசையில் தொடங்கிக் கருவி கருவியாகச் சென்று முடியும் ஒற்றைத் தொடராக அமையவேண்டும். அதன் இறுதியில் 120 ஓம் மின்தடை கொண்ட டெர்மினேட்டர் இல்லையெனில் சமிக்ஞை முனையில் பட்டுத் திரும்பி, பின்வரும் சமிக்ஞையோடு மோதி விளக்குகளை மினுக்கச் செய்யலாம். ஒரு கம்பியை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ இணைப்பும் இதே கேட்டைத் தருவதால், தடத்தைப் பிரிக்கவும், ஒரு தடத்துக்குரிய 32 அலகுச் சுமை என்ற வரம்பைத் தாண்டவும் ஒளிவழித் தனிமைப்படுத்திய ஸ்ப்ளிட்டரே பயன்படுகிறது. ஒரே தடத்தில் இரு மேசைகளை நேரே இணைத்தால் இரண்டும் ஒரே கம்பியிணையை எதிரெதிர் நிலைக்கு இழுப்பதால் எச்சமிக்ஞையும் முழுமையாகச் சென்றடைவதில்லை. இரண்டையும் முறையாகச் சேர்க்க ‘மெர்ஜர்’ என்னும் தனிக்கருவி வேண்டும்.

மதிப்பு முரணும் முன்னுரிமையும்

இரு மூலங்கள் ஒரே சேனலுக்கு வெவ்வேறு மதிப்பைத் தரும்போது எது வெல்லும் என்பதற்கு இரு விதிகள் உள்ளன. பெரிய மதிப்பே வெல்லும் என்ற விதி ஒளியின் அளவுக்குப் பொருந்தும்: ஒரு மூலம் 120-உம் மற்றது 180-உம் அனுப்பினால் விளக்கு 180-இல் எரியும். நிறத்துக்கும் திசைக்கும் பெரிய எண் ‘மிகுதி’ என்று பொருள்படாததால், அவற்றுக்குக் கடைசியாக வந்த மாற்றமே வெல்லும் என்ற விதி ஏற்றது. கணினி வலையமைப்பின் வழியே டிஎம்எக்ஸ் மதிப்புகளை அனுப்பும் நெறிமுறைகளிலும் இக்கேள்வி எழுகிறது. 1998-இல் வெளிவந்த ஆர்ட்-நெட் முறையில், வலையமைப்பிலிருந்து டிஎம்எக்ஸ் தடத்துக்கு மாற்றித்தரும் கருவியே இவ்விரு விதிகளில் ஒன்றைக்கொண்டு மூலங்களைச் சேர்க்கிறது. 2009-இல் தரநிலையான எஸ்ஏசிஎன் முறையிலோ ஒவ்வொரு மூலமும் 0 முதல் 200 வரை ஒரு முன்னுரிமை எண்ணைத் தாங்கி வருகிறது. இயல்பு எண் 100. முதன்மை மேசைக்கு 100-உம் மாற்று மேசைக்கு 90-உம் தந்தால், முதன்மை மேசை இயங்கும் வரை மாற்று மேசையின் மதிப்புகள் புறக்கணிக்கப்பட்டு, முதன்மை மேசை நின்று 2.5 நொடி கடந்தபின் ஏற்கப்படுகின்றன.

இருதிசைத் தொடர்பு

2006-இல் தரநிலையான ஆர்டிஎம் முறை, அதே கம்பியிணையில் கருவிகள் மறுமொழி கூறவும் தொலைவிலிருந்தே முகவரி மாற்றவும் வழிசெய்து, முகவரி முரணைக் கண்டறிவதை எளிதாக்கியது. தடத்திலுள்ள கருவிகளை மேசை தேடும்போது பல கருவிகள் ஒருசேர மறுமொழி கூறி மோதினால், மேசை தேடும் எண்பரப்பை இரண்டிரண்டாகப் பகுத்து, ஒவ்வொரு கருவியையும் அதன் தனித்த 48 பிட் அடையாள எண்ணால் இனங்காண்கிறது. ஆனால் தொகுதியின் முதலில் வரும் தொடக்கக் குறியைச் சோதிக்காத பழைய கருவிகள் ஆர்டிஎம் செய்தியையே ஒளிமதிப்பாகக் கொண்டு மினுங்குவதுண்டு; அக்கருவிகள் உள்ள தடத்தில் இவ்வசதியை நிறுத்திவைப்பது வழக்கம்.

கண்டறிதலும் வரம்பும்

முரணின் வகையை அதன் அறிகுறி காட்டித்தருகிறது. இரு விளக்குகள் பிசகின்றி ஒன்றுபோல் அசைந்தால் முகவரி ஒன்றாக இருக்கும். ஒன்றை இயக்க மற்றது தொடர்பின்றி மாறினால் சேனல்கள் மேற்படிந்திருக்கும். தடம் முழுவதும் ஒழுங்கின்றி மினுங்கினால் கம்பியிலோ டெர்மினேட்டரிலோ குறை இருக்கும். ஒளி இரு நிலைகளுக்கிடையே தாவினால் மறைவாக இரண்டாவது மூலம் ஒன்று இயங்கும். மின்குறை எனில் தடத்தைப் பாதியாகப் பிரித்து, எஞ்சிய முனையில் டெர்மினேட்டர் இட்டுச் சோதித்து, குறையுள்ள பாதியை மீண்டும் பிரிப்பது விரைவான வழியாகும். பிழையைக் கண்டறிய இயலாத நெறிமுறை என்பதால், மனித உயிருக்கு ஊறு விளைக்கக்கூடிய வெடிப்பொருள் காட்சிகளையும் மேடையின் நகரும் பாகங்களையும் டிஎம்எக்ஸ் 512-ஐ மட்டும் நம்பி இயக்கலாகாது; அவற்றுக்குத் தனித்த பாதுகாப்புத் தடை கட்டாயம் தேவை.