ஏட்டுச் சுவடியும் வலைப்பக்கக் குறியும்

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் சாலையில் உள்ளது சமயநல்லூர். அவ்வூர் மாணவர் ஒருவர் இன்று கைப்பேசியிலேயே புறநானூற்றைப் படித்துவிடலாம். அடி அடியாக, பாட்டு வேறு, திணைதுறைக் குறிப்பு வேறாக நிற்கும் அப்பக்கத்தை அவர் இயல்பெனவே கருதுவார். அப்பிரிவு எளிதில் வந்ததன்று.

பனையோலைச் சுவடியில் செய்யுளும் உரைநடை போலவே ஓலையின் முழு நீளத்துக்கும் ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டுமென்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதினோர் பெரும்பாலும் புள்ளியிட்டாரல்லர். ஏகார ஓகார நெடில்களுக்குத் தனி வடிவம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்திலேதான் நிலைபெற்றது. இத்தகைய ஏடுகளிலிருந்தே உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, உரைக்குள் வரும் மேற்கோள் எந்நூலினது என்பனவற்றை ஒவ்வொன்றாகத் தேர வேண்டியிருந்தது. பதம் பிரிப்பதோ இன்னும் இடர். 'பலகையொலி' என்பது பல கைகளின் ஒலியா, ஒரு பலகையின் ஒலியா? ஏடு விடை சொல்லாது.

அச்சு வந்தபின், இங்கே புதுப் பத்தி, இது தடித்த எழுத்து என்று பதிப்பாசிரியர்கள் கையெழுத்துப் படியிலேயே அச்சுக்கோப்பவருக்குக் குறித்தனுப்பினர். 'மார்க்கப்' என்ற சொல் அவ்வழக்கத்தில் பிறந்ததே. 1989இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை முன்மொழிந்த டிம் பெர்னர்ஸ்-லீ, 1991இல் எச்டிஎம்எல் குறிகளை வெளியிட்டார். முறை எளிது. சொல்லுக்கு முன் கோண அடைப்புக்குள் ஓர் எழுத்து; சொல்லுக்குப் பின் அதே எழுத்து, சாய்கோட்டுடன். பத்திக்கு 'பி', தடித்த எழுத்துக்கும் 'பி'. ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு எழுத்துக்கள். தமிழில் எழுதும்போதுதான் ஒன்றாகிவிடுகின்றன! தடித்த எழுத்தின் மூடுகுறியை மறந்தால், அதன்பின் வரும் பகுதியெல்லாம் தடித்துவிடும்.

நம் செய்யுளுக்கு மிக வேண்டியது 'பிஆர்' என்னும் குறி. வெண்பாவை நான்கு வரியாகத் தட்டெழுதினாலும், உலாவி அவ்வரிமுறிவுகளை வெறும் இடைவெளியாகவே கொள்ளும். நான்கடியும் ஒரே ஓட்டமாகிவிடும். பனையோலைக்கே திரும்பிவிட்டோம்! அடியிறுதி தோறும் அக்குறியை இட்டால்தான் அடி மடங்கி நிற்கும்.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முதலியோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். சங்கம் வளர்த்த ஊரின் பெயரைத் தாங்கிய அம்முயற்சியில், பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டெழுதினர். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். அச்சுநூலில் அடி முடியுமிடத்தில் திரையிலும் முடிகிறதா என்று காண்பதும் அம்மெய்ப்புப் பார்த்தலில் அடங்க வேண்டியதே.