உசுவாயா: உலகத்தோட கடைசி ஊருக்கு ஒரு டிரிப்!

முன்னாடி பீகிள் சேனல், பின்னாடி பனி மூடிய மார்ஷியல் மலைகள். நடுவுல அர்ஜென்டினாவின் துறைமுக நகரம் உசுவாயா. 'உலகின் கடைசி நகரம்'னு கெத்தா சொல்லிப்பாங்க. எதிர்க்கரையில், இன்னும் கொஞ்சம் தெற்கே சிலியோட பியூர்ட்டோ வில்லியம்ஸ் இருக்கு. அதை அங்கே போய்ச் சொல்லிடாதீங்க!

பியூனஸ் அயர்ஸில் இருந்து ஃப்ளைட்டில் சுமார் மூன்றரை மணி நேரம். செலவு மிச்சம்னு பஸ் ஏறுறவங்க கவனம்: வழியில் சிலிக்குள் நுழைந்து, மெகல்லன் ஜலசந்தியை ஃபெர்ரியில் கடக்கணும். அர்ஜென்டினா விசா மட்டும் போதும்னு கிளம்பினா, எல்லையிலேயே டிரிப் முடிஞ்சிடலாம். சிலி விசா விதிகளையும் முன்னாடியே செக் பண்ணிடுங்க.

1947-ல் மூடிய சிறை இப்போ மியூசியம். கைதிகள் மரம் வெட்டப் போன பாதையில் இன்னிக்கு டூரிஸ்ட் ரயில் ஓடுது. ரெண்டுல ஒண்ணுதான்னா, சிறைக்கே போங்க.

டிசம்பர், ஜனவரிதான் அங்கே கோடை. ஆனாலும் 10 டிகிரியைச் சுத்தித்தான், ஜெர்கின் கட்டாயம்.