ஒரு வெள்ளியின் கணக்கு

அரசாங்கம் வரி வாங்குகிறது, வணிகர் லாபம் பார்க்கிறார். இடையில் சமூக அமைப்புகளுக்கு என்ன வேலை? நம் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றிலிருந்தே இதற்குப் பதில் தேடலாம்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய இயல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, முதன்மை சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற வாதம் மூண்டது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தலையங்கம் எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். கூலிக்கு உழைத்தவர்களும் கொடுத்தார்கள். 1956ல் துறை அமைந்தது, தமிழுக்கும் இடம் கிடைத்தது. திரண்ட பணம் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க உதவியது. கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த நூலக வாசலை மிதித்திருப்பார்கள்?

அதற்கு முன்பே, 1946ல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. பள்ளி 1982ல் மூடப்பட்டது. பெயர் மட்டும் தமிழ்மொழி நிலையமாக, லிட்டில் இந்தியாவின் பீட்டி ரோட்டில் இன்றும் நிலைத்திருக்கிறது.

அதே பீட்டி ரோட்டில்தான் சிண்டாவும் இருக்கிறது. இந்திய மாணவர்கள் கல்வியில் பின்தங்கிய கவலையில் 1991ல் பிறந்த அமைப்பு அது. அதற்கு முன்னோடி, மலாய்-முஸ்லிம் சமூகத்தின் மெண்டாக்கி. சிண்டாவின் ஏற்பாடு விசித்திரமானது. முதலாளி நம் சம்பளத்தில் பிடித்து, மத்திய சேமநிதிக் கழகம் வழியாக அனுப்புகிறார். அரசும் மானியம் தருகிறது. சம்பளத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகலாம். அரசு, வணிகம், சமூகம் மூன்றும் ஒரே சம்பளச் சீட்டில்! ஆனால் சாரங்கபாணியிடம் கொடுத்தவர் கைநீட்டிக் கொடுத்தார். நாம் கொடுப்பதையே கவனிப்பதில்லை.

கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2005ல் பார்த்தோம். நாளிதழ்க் கட்டுரை ஒன்றை எதிர்த்து தேசிய சிறுநீரக அறநிறுவனமே வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்தில் தங்க முலாம் பூசிய குழாயும் தலைமை நிர்வாகியின் 600,000 வெள்ளி ஆண்டுச் சம்பளமும் வெளிவந்தன. இரண்டாம் நாளே வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. சில நாள்களில் நிர்வாகக் குழுவே விலகியது. சுத்திகரிப்புக்கு வந்த நோயாளிகள் செய்த குற்றம் எதுவுமில்லை. ஆனாலும் மாதக் கொடையாளர்கள் பலர் கொடையை நிறுத்திக்கொண்டார்கள். 2007ல் அறநிறுவன மன்றம் அமைந்து, நிர்வாக நெறிமுறை வந்தது.

சட்டம் கணக்கைக் காட்டச் சொல்லலாம். பார்ப்பது யார்? மாதாமாதம் பிடித்தம் போகும் நம்மில் எத்தனை பேர் சிண்டாவின் ஆண்டறிக்கையைப் புரட்டியிருக்கிறோம்? அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.